ஏக்கர் என்னும் சொல்லின் வரலாறு

நிலம் எவ்வளவு என்று வினவினால், தமிழ்நாட்டுக் குடியானவர் பெரும்பாலும் ஏக்கர் என்றும் சென்ட் என்றுமே விடை கூறுவர். பட்டாவிலும் அடங்கலிலும் ஹெக்டேர்க் கணக்கே எழுதப்பட்டு வருகின்ற போதிலும், வாய்ப்பேச்சிலும் கிரய பேரத்திலும் ஏக்கர் தன் இடத்தை விட்டு அகலவில்லை. இவ்வளவு பழகிப்போன சொல் எங்கிருந்து வந்தது, அது முதலில் எதனைக் குறித்தது, ஓர் ஏக்கர் என்பது நாற்பதினாயிரம், ஐம்பதினாயிரம் என்று முழுமையாக இராமல் 43,560 சதுர அடி என்னும் ஒழுங்கற்ற எண்ணாக அமைந்தது ஏன் என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதை அறிவது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பழைய பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் மிராசுதாரருக்கும், அவற்றைப் பரிசீலிக்க வேண்டிய கிராம உத்தியோகஸ்தருக்கும் அதனால் நேரான பயன் உண்டு.

வயலைக் குறித்த சொல்

ஏக்கர் என்பது ஆங்கில பாஷையின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. அது ஆதியில் அளவைக் குறிக்கவே இல்லை. வயல் என்பதே அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் உழுபவனை ‘ஏக்கர் மனிதன்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். ஜெர்மன் மொழியில் ‘ஆக்கர்’ என்றால் இன்றும் உழுநிலம்தான். லத்தீன் மொழியில் ‘ஆகெர்’, கிரேக்கத்தில் ‘அக்ரோஸ்’, வேதகால ஸம்ஸ்கிருதத்தில் ‘அஜ்ர’ என்பன யாவும் இதன் உடன்பிறந்த சொற்கள். லத்தீன் ‘ஆகெர்’ என்பதோடு பண்படுத்துதல் என்னும் பொருளுடைய சொல் சேர்ந்தே ‘அக்ரிகல்ச்சர்’ ஆயிற்று. ஆகவே விவசாய இலாகாவின் ஆங்கிலப் பெயரும், குடியானவர் தம் நிலத்துக்குச் சொல்லும் கணக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இச்சொற்களுக்கெல்லாம் மூலமாக மொழிநூலார் காட்டுவது ‘ஓட்டுதல்’ என்னும் பொருளுடைய ஒரு வேர்ச்சொல். கால்நடைகளை ஓட்டிச் சென்று மேய்த்த திறந்தவெளியே முதலில் இப்பெயர் பெற்றிருக்கும் என்றும், பின்னர் அவ்வெளியைத் திருத்தி உழுதபோது பெயரும் உழுநிலத்திற்கு உரியதாயிற்று என்றும் அவர்கள் கருதுவர். ஓக் மரத்தின் கொட்டையை ஆங்கிலத்தில் ‘ஏகார்ன்’ என்பர். அதுவும் ஏக்கரின் உறவே. அடைப்பில்லாத நிலத்தில் விளைந்து பன்றிகளுக்குத் தீனியான பொருள் என்பதே அதன் பழம் பொருள். ஓக் மரத்தின் பெயரோடு அதற்குத் தொடர்பு உண்டென்பது பிற்காலத்தார் ஒலியைக் கேட்டுக் கற்பித்துக்கொண்டது.

அளவாக மாறிய பின்னரும் வயல் என்ற பழம் பொருள் சில இடங்களில் மறையாமல் நின்றது. கல்லறைத் தோட்டத்தை ‘கடவுளின் ஏக்கர்’ என்று சொல்லும் வழக்கு ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. விதையைப் போல் உடல் மண்ணில் இடப்படும் வயல் என்பது அதன் கருத்தேயன்றி, அவ்விடம் ஓர் ஏக்கர் பரப்புடையது என்பதன்று. விட்டேக்கர் என்ற குடும்பப் பெயர் வெள்ளை வயலை அல்லது கோதுமை வயலைக் குறிப்பது. ஆங்கில நாட்டுச் சட்ட நூல்களில் ‘கறுப்பு ஏக்கர்’, ‘வெள்ளை ஏக்கர்’ என்ற பெயர்கள் அடிக்கடி வரும். வழக்கை விளக்குவதற்காக ஆசிரியர்கள் கற்பனையாகப் பெயரிட்ட வயல்களே அவை. 17-ம் நூற்றாண்டில் சர் எட்வர்டு கோக் எழுதிய நூலிலேயே இவ்வழக்கு காணப்படுகிறது. சட்டம் பயிலும் மாணவர் இவற்றைப் படித்து, இவ்வயல்கள் எந்த ஜில்லாவில் உள்ளன என்று தேடினால் அகப்படமாட்டா.

ஒரு நாள் உழவு

வயலைக் குறித்த சொல் அளவைக் குறிக்கத் தொடங்கியது உழவின் மூலமாகவே. ஒரு ஜோடி எருதுகள் அல்லது ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலமே ஓர் ஏக்கர் எனப்பட்டது. இவ்வாறு உழைப்பைக் கொண்டு நிலத்தை அளப்பது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ரோமரின் ‘யூகெரும்’ என்னும் அளவின் பெயர் நுகத்தடியிலிருந்து பிறந்தது. ஜெர்மானியர் ‘காலை’ என்று பொருள்படும் மார்கன் என்ற சொல்லையும், ‘நாள் வேலை’ என்று பொருள்படும் மற்றொரு சொல்லையும் நில அளவுக்கு வழங்கினர். தமிழ்நாட்டிலோ உழைப்பைக் காட்டிலும் விதையே பல இடங்களில் அளவாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் இத்தனை கோட்டை விரைப்பாடு, இத்தனை மரக்கால் விரைப்பாடு என்று நஞ்சை நிலத்தைச் சொல்லியது இதனாலேயே. உழைப்பானாலும் விதையானாலும் இவ்வகை அளவுகளில் ஒரு நியாயம் உண்டு. மண் இறுகிய இடத்தில் ஏக்கர் சிறுத்தும், இளகிய இடத்தில் பெருத்தும் இருந்தது. குடியானவருக்கு வேண்டியது சதுர அடி அன்று. எத்தனை நாள் வேலை என்பதே. ஆனால் வரி விதிக்கும் மன்னருக்கும் நிலத்தை விற்று வாங்குவோருக்கும் அந்நியாயம் போதவில்லை.

இனி, அந்த ஒரு நாள் உழவு நிலத்தின் வடிவம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணை உழ, எட்டு எருதுகள் வரை பூட்டிய கனத்த கலப்பை வேண்டியிருந்தது. 1086-ம் வருஷத்தில் முதலாம் வில்லியம் மன்னர் எடுப்பித்த டோம்ஸ்டே கணக்கில், பல ஊர்களின் உழவு நிலம் இத்தனை ஏருக்கு உரியது என்றே குறிக்கப்பட்டுள்ளது. எட்டு எருதுகளை வயலின் முனையில் திருப்புவது இலகுவான காரியமன்று. ஆகவே திருப்பும் தடவைகளைக் குறைப்பதற்காக, சால் எவ்வளவு நீளமாக ஓட முடியுமோ அவ்வளவு நீளமாக வயலை அமைத்தனர். எருதுகள் இளைப்பாறாமல் இழுக்கக்கூடிய அந்த நீளத்திற்கு ‘சால் நீளம்’ என்று பெயர். அதுவே பர்லாங்கு, 220 கஜம். சாலை ஓரங்களில் மைலுக்கு எட்டாக நின்ற பர்லாங்குக் கற்கள், உண்மையில் எருதின் மூச்சை அளந்த கற்கள் எனலாம்.

நீளம் ஒரு பர்லாங்கு. அகலம் நான்கு கோல். கோல் ஒன்றுக்கு ஐந்தரைக் கஜம், அதாவது பதினாறரை அடி. எருது ஓட்டும் நீண்ட தாற்றுக்கோலே இக்கோல் என்று கூறுவாரும் உண்டு. நான்கு கோல் 22 கஜம். 220 கஜம் நீளமும் 22 கஜம் அகலமுமான பட்டையின் பரப்பு 4,840 சதுர கஜம். அதுவே 43,560 சதுர அடி. முதலில் கேட்ட வினாவுக்கு விடை இதுதான். யாரோ ஒருவர் 43,560 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. உழவர் கையிலிருந்த கோலால் நாற்பது கோல் நீளம், நான்கு கோல் அகலம் என்று முழு எண்களாகவே அளந்தனர். அந்த 160 சதுரக் கோலை அடிக்கணக்கில் மாற்றியபோதுதான் எண் ஒழுங்கற்றதாகத் தோன்றியது.

அந்த நாள் உழவு எத்தகைய உழைப்பு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பட்டையின் அகலம் 66 அடி. ஒரு சால் ஓர் அடி அகலம் எடுக்கும் என்று கொண்டால், 66 தடவை ஒரு பர்லாங்கு நடக்க வேண்டும். மொத்தம் எட்டேகால் மைல், அதுவும் கலப்பையைப் பிடித்துக்கொண்டு. நாட்டுக் கலப்பையின் சால் இதனினும் குறுகியது. ஆதலால் அதைப் பிடித்து ஏக்கரை உழுபவரின் நடை இன்னும் அதிகம்.

இந்த நீண்ட பட்டைகள் ஊரைச் சுற்றி வேலியில்லாத பெருவயல்களில் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒரு குடியானவரின் பட்டைகள் ஒரே இடத்தில் சேர்ந்திராமல் நல்ல நிலத்திலும் மட்டமான நிலத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். பிற்காலத்தில் வேலியடைப்புச் சட்டங்களால் இம்முறை இங்கிலாந்தில் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோயிற்று. நாட்டிங்காம் சீமையில் உள்ள லாக்ஸ்டன் என்ற கிராமத்தில் மட்டும் மூன்று பெருவயல்களில் இன்றும் பட்டைப் பயிர்முறை நடைபெற்று வருகிறது. அவ்வூரின் பட்டைகளைக் காட்டும் 1635-ம் வருஷத்துப் படம் ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில், கோதுமை விதைத்த வயலை ஊர் நடுவர்கள் நடந்து பார்வையிட்டு, எல்லை முளைகளைச் சரிபார்த்து, பொதுப் பாதையையோ புல்வெளியையோ அபகரித்து உழுதவருக்கு அபராதம் விதிக்கின்றனர். வரப்பை ஆண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போடும் வழக்கம் ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

கோல் மாறினால் ஏக்கரும் மாறும்

1300-ம் வருஷத்தையொட்டி இங்கிலாந்தில் ஏற்பட்ட ஒரு விதி, அளவுகளைப் பின்வருமாறு வரையறுத்தது. உலர்ந்த மூன்று வாற்கோதுமை மணிகள் ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. மூன்று அடி ஒரு கஜம். ஐந்தரைக் கஜம் ஒரு கோல். நாற்பது கோல் நீளமும் நான்கு கோல் அகலமும் கொண்டது ஓர் ஏக்கர். எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்ற தமிழ்நாட்டு வாய்பாட்டை அறிந்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அங்கே வாற்கோதுமை, இங்கே நெல்.

விதி ஏற்பட்ட போதிலும் ஊர் வழக்கம் எளிதில் மாறவில்லை. எங்கும் ஏக்கர் 160 சதுரக் கோல்தான். ஆனால் கோல் எங்கும் ஒன்றாக இல்லை. அயர்லாந்தில் கோல் ஏழு கஜம். ஆகவே அங்கே ஏக்கர் 7,840 சதுர கஜம். செஷயர் சீமையில் கோல் எட்டுக் கஜம். அங்கே ஏக்கர் 10,240 சதுர கஜம், அதாவது சட்ட ஏக்கரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்காட்லாந்து ஏக்கர் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம். 1824-ம் வருஷத்து அளவைச் சட்டம் வந்த பிறகே ஒரே ஏக்கர் சட்டப்படி நிலைபெற்றது. அதன் பின்னும் செஷயர்க் குடியானவர் நெடுங்காலம் தம் பழைய ஏக்கரிலேயே பேசி வந்தனர்.

தமிழ்நாட்டின் குழிக்கும் இதே நிலைமை உண்டு. இங்கேதான் இவ்வரலாறு பத்திரப் பெட்டிக்கு வந்து சேர்கிறது. செங்கற்பட்டுப் பகுதியில் குழி என்பது 24 அடிக் கோலால் அளந்த சதுரம். 576 சதுர அடி. அவ்வாறான 100 குழி ஒரு காணி. 57,600 சதுர அடி, அதாவது ஒரு ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்ப் பகுதியில் குழி 12 அடிக் கோலால் அளந்தது. 144 சதுர அடி. அவ்வாறான 100 குழி ஒரு மா. 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி; ஆறு ஏக்கர் 61 சென்ட். இரண்டு இடத்திலும் பத்திரத்தில் ‘100 குழி’ என்றே எழுதியிருக்கும். ஒன்று மற்றொன்றைப் போல் நான்கு மடங்கு.

சோழர் காலத்துக் கணக்கர் இவ்விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை உடையவர்கள். நிலத்தின் அளவைக் கல்லில் வெட்டும்போது, எந்தக் கோலால் அளந்தது என்பதையும் பல இடங்களில் சேர்த்தே வெட்டினர். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்பன கல்வெட்டுகளில் வருகின்றன. அளவுகோலின் நீளத்தையே கோவிற் சுவரில் கீறி வைத்த ஊர்களும் உண்டு. பிற்காலத்தில் பத்திரம் எழுதியோர் அவ்வளவு கவலை கொள்ளவில்லை. தம் ஊர்க் குழியை உலகம் முழுவதும் அறியும் என்று நம்பினர் போலும்.

ஆகவே ஸர்வேக்கு முற்பட்ட பாத்தியத்தைக் காட்டும் பத்திரமோ, பழைய பாகப்பிரிவினையோ கைக்கு வருமானால், குழியை ஒரு வாய்பாட்டால் பெருக்கி ஏக்கராக்கிவிடுதல் கூடாது. முதலில் அவ்வூர்க் கோல் இன்னதென்று அறிய வேண்டும். அதே ஊரில் அளவும் ஸர்வே எண்ணும் சேர்ந்து காணப்படும் வேறொரு பத்திரம் கிடைக்குமானால், அதை வைத்துக் கோலைக் கண்டுபிடித்துவிடலாம். பத்திரத்தில் கண்ட விஸ்தீரணமும் நான்கெல்லையும் முரண்படும்போது, எல்லைகள் தெளிவாக இருப்பின் அவையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகக் கைக்கொண்டு வரும் நெறி. ஆதலால் கிழக்கே யாருடைய நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று எழுதிய வரிகளை, அளவு எழுதிய வரியைக் காட்டிலும் கவனமாகப் படித்தல் வேண்டும்.

சங்கிலியும் சென்டும்

ஏக்கர் இத்தேசத்துக்கு வந்தது சங்கிலியோடு. லண்டன் நகரத்துக் கிரெஷம் கல்லூரியில் வானநூல் ஆசிரியராயிருந்த எட்மண்டு கண்டர் என்பவர், 1620-ம் வருஷத்தில் நில அளவைக்கென ஒரு சங்கிலியை அமைத்தார். அதன் நீளம் 66 அடி, அதாவது பழைய நான்கு கோல். ஆனால் அதை 100 கண்ணிகளாகப் பிரித்தார். கண்ணியை ஆங்கிலத்தில் லிங்க் என்பர். இதில் அவருடைய கூர்மை விளங்கும். உழவரின் ஏக்கரையும் அவர் மாற்றவில்லை. கணக்கரின் தசாம்சக் கணக்கையும் கைவிடவில்லை. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்; எனவே ஒரு லட்சம் சதுரக் கண்ணி ஓர் ஏக்கர். 660 கண்ணி நீளமும் 450 கண்ணி அகலமும் உள்ள ஒரு செவ்வக வயலைப் பெருக்கினால் 2,97,000 வரும். ஐந்து தானம் தள்ளிப் புள்ளி வைத்தால் 2.97, அதாவது 2 ஏக்கர் 97 சென்ட். வகுத்தல் என்பதே வேண்டியதில்லை.

சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரம் சதுரக் கண்ணி, 435.6 சதுர அடி. ஆங்கில நாட்டில் ஏக்கரின் கூறுகள் ரூடு என்னும் கால் ஏக்கரும், பெர்ச் என்னும் சதுரக் கோலுமே. இலங்கையில் வீட்டு நிலத்தை இன்றும் பேர்ச்சுக் கணக்கில் விற்பது அம்முறையைப் பின்பற்றியதே. சென்ட் கணக்கு தென்னிந்தியாவில் வேரூன்றியதற்குக் கண்டர் சங்கிலி அமைத்துக் கொடுத்த தசாம்ச வசதி துணையாயிற்று.

சென்னை மாகாணத்தில் தொடக்ககால ஸர்வேக்கள் யாவும் இதே சங்கிலியைக் கொண்டு நடைபெறவில்லை. தாமஸ் மன்றோ, பல்லாரி, கடப்பை முதலிய தத்த ஜில்லாக்களில் 1802-ம் வருஷத்தில் தொடங்கிய ஸர்வேயில் 33 அடிச் சங்கிலியைக் கையாண்டார். அதில் நாற்பது சதுரம் ஓர் ஏக்கர். கர்நாடகத்திலும் தெலுங்கு நாட்டிலும் வழங்கும் குண்டா என்பது அந்த ஒரு சதுரத்திற்குச் சமமானதே. 1,089 சதுர அடி. 1858-ம் வருஷத்தில் சென்னையில் ஸர்வே இலாகா ஏற்பட்டு, கிராமம் கிராமமாக வயல்களை அளந்து எண்ணிட்டுக் கல் நாட்டியபோதுதான் ஏக்கரும் சென்டும் எல்லா ஊர்க் கணக்குகளிலும் இடம்பெற்றன.

மெட்ரிக் முறைக்கு முன் வரைந்த புலப்படங்களில் நீளங்கள் கண்ணிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். இதை அடி என்று எண்ணிக்கொண்டு வரப்பை அளப்பவர், 300 என்று கண்ட இடத்தில் 300 அடி தேடுவார். உண்மையில் அது 198 அடியே. அடுத்த பட்டாதாரர் நூறு அடிக்கு மேல் ஆக்கிரமித்துக்கொண்டார் என்று சண்டைக்குப் புறப்படுமுன், படத்தின் அளவு எதுவென்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். ஒரு கண்ணி 7.92 அங்குலம்.

தமிழ்நாட்டில் 1979-ம் வருஷத்தில் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே கிராமக் கணக்குகள் ஹெக்டேருக்கு மாற்றப்பட்டன. ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். அதில் நூற்றில் ஒரு பங்கு ஏர். பட்டாவில் காணும் இந்த ‘ஏர்’ உழும் ஏர் அன்று. ஏக்கருக்கும் அதற்கும் உறவு இல்லை. 1795-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் நூறு சதுர மீட்டருக்கு இட்ட பெயர் அது. அதன் மூலம் ‘ஆரெயா’ என்னும் லத்தீன் சொல். அச்சொல்லுக்கு வெற்றிடம் என்றும், கதிரடிக்கும் களம் என்றும் பொருள். ஆக ஓர் அளவு வயலிலிருந்தும், மற்றோர் அளவு களத்திலிருந்தும் வந்து ஒரே பட்டாவில் சந்தித்தன. சரியாக இரண்டு ஏக்கர் உடையவருக்கு 80.94 ஏர் வரும். கணக்கில் அது 81 என்று முழுமையாக்கப்பட்டிருந்தால், அந்தச் சிறு வித்தியாசம் எழுத்தில் ஏற்பட்டதேயன்றி வரப்பில் ஏற்பட்டதன்று. ஆனால் வித்தியாசம் பல சென்ட் அளவுக்கு இருக்குமானால் அது முழுமையாக்கியதால் வந்ததாகாது. பழைய புலப்படத்தையும் அ பதிவேட்டையும் ஒப்பிட்டு, தாமதியாமல் திருத்தத்துக்கு மனுச்செய்தல் வேண்டும்.

பாசனத்திலும் ஏக்கருக்கு ஓர் உபயோகம் எஞ்சியுள்ளது. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீரை ஏக்கர் அங்குலம் என்பர். அது 3,630 கன அடி. ஏறக்குறைய 1,02,800 லிட்டர். மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கும் என்று அறிந்தவர், தம் வயலுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் கட்ட எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதை, வாய்க்காலில் கசியும் நஷ்டம் நீங்கலாக, இதைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலேயே 2010-ம் வருஷம் ஜனவரி முதல் நிலப் பதிவுக்கும் ஏக்கர் சட்ட அளவாக இல்லை. வழக்கில் மட்டும் பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் பதிவேடுகள் ஹெக்டேருக்கு மாறியும், மனை நிலத்துக்குச் சென்ட் என்ன விலை என்றே சந்தையில் கேட்கின்றனர்.